ஈரக்கழிவு

கறுப்புத் திரை.
வெள்ளை எழுத்தில் ஒரே வரி:
என்.டி.எல்.டி.ஆர். காணவில்லை.
மறுபடி தொடங்க
கண்ட்ரோல், ஆல்ட், டெலீட்
மூன்றையும் சேர்த்து அமுக்கச் சொல்கிறது.
டெலீட்டால்தானே ஐயா வந்தது வினை.

அமுக்கினேன். அதே வரி.
பதினோரு முறை அதே வரி.

கோத்தகிரியிலிருந்து சோலூர்மட்டம் போகும் ரோட்டில்
எங்கள் ஃபாக்டரி.
கீழே ரோலர் சுற்றுகிறது.
டிரையரின் சூட்டு வாசம் படியேறி வருகிறது.
மாடியில் நானும்
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் இலைக்கணக்கும்
அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு
பேச மறுக்கிற பெட்டியும்.
நாளை பட்டுவாடா.

இடம் இல்லை இடம் இல்லை என்று
ஒரு வாரமாய் மூலையில் பலூன் கிளம்பியது.
ஒளிந்திருப்பதையெல்லாம் காட்டு என்று டிக் போட்டு
மதியம் சி டிரைவைத் திறந்தேன்.
முதலாளி மகள் கல்யாண ஃபோட்டோவைத் தொடப் பயம்.
என் பாட்டுகளை அழிக்க மனசில்லை.
ஓரத்தில் நின்றது அது.
புள்ளி வைத்து வால் நீளாத பெயர்.
என் வேலையைவிட மூத்த தேதி.
யாரும் தேடி வராத சாமான் என்று நினைத்தேன்.
இருநூற்று நாற்பத்தைந்து கேபி.
இரண்டு முறை கேட்டது, நிஜமாகவா என்று.
இரண்டு முறையும் ஆமாம் என்றேன்.

பழகிய கைதான்.
நனைந்து வரும் மூட்டைக்கு
நூற்றுக்குப் பத்து ஈரக்கழிவு போடுகிறவள்.
"இன்னிக்கு மழையே இல்லையே லோகு" என்பாள்
தராசுக்கு அந்தப் பக்கம் மாதி.
"பனி இருந்துச்சே" என்பேன்.
எழுதுவேன், கழிப்பேன்.

என்னம்மா ஆச்சு என்றார் முதலாளி போஜன்.
கரண்ட் இல்லை என்றேன்.
கீழே ரோலர் கடகடவென்று
என்னைக் காட்டிக்கொடுத்தது.

ஃபோனில் அகஸ்டின் சிரித்தார்.
எனக்கு முன்னால் இந்த நாற்காலி அவருடையது,
இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி.
"சின்னதுதான். ஆனா எல்லாரையும் எழுப்பிவிடுறது அதுதான்.
சிடி வேணும், லோகு."

சிடி இருந்தது எதிரி ஃபாக்டரியில்.
கிலோவுக்கு ஐம்பது காசு கூட்டி
எங்கள் ஆட்களை இழுத்துக்கொண்டவர்கள்.
மஞ்சுக்குள் ஜீப் ஊர்ந்தது.
வளைவில் காட்டெருமை ஒன்று நகர மனமில்லாமல் நின்றது,
நாங்களும் நின்றோம்.
அவர்கள் கணக்கர் ஹாலன் காரணம் கேட்கவில்லை.
"நானும் ஒருதடவை அழிச்சிருக்கேன்"
என்று மட்டும் சொல்லி
சட்டை நுனியில் துடைத்துத் தந்தார்.

ஆர் அமுக்கினேன். ஒன்று என்று தட்டினேன்.
பாஸ்வேர்டு என்றது.
முதலாளி பெயர். தப்பு.
ஃபாக்டரி பெயர். தப்பு.
மூன்றாவதும் தப்பினால் முதலிலிருந்து.
மறுபடி திருப்பூர்.
"நான் ஒண்ணுமே வைக்கலையே. சும்மா எண்டர் தட்டு."
சும்மா தட்டினேன்.
திறந்துகொண்டது.
இத்தனை வருஷம்
சாவியில்லாத வீட்டுக்கா பயந்து பயந்து
துணி போட்டு மூடி வைத்தோம்!

காப்பி, ஒரு இடைவெளி, டி, கோலன்,
சாய்ந்த கோடு, அந்தப் பக்கம் சாய்வது.
அவர் சொல்லச் சொல்ல
ஒவ்வொரு எழுத்தாய்க் குத்தினேன்.
ஒரு ஃபைல் நகலாகியது என்றது.
அவ்வளவுதான். ஒரே ஒரு ஃபைல்.
சிடியை உருவிக்கொண்டு காத்திருந்தேன்.

வந்தது பச்சை மேடும் நீல வானமும்.
ஜன்னலிலும் ஒரு மேடு உண்டு,
அதில் ஒரு செடிகூடத் தெரியாத அளவுக்கு மஞ்சு.
திரையில் இருந்த மலையைத்தான்
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கணக்கைத் திறந்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பெயரும் இருந்தது.
ஏழாம் தேதி, மாதி, இருபத்து மூன்று கிலோ,
கழிவு இரண்டு புள்ளி மூன்று.
அன்றைக்கு மழையா? நினைவில்லை.
கர்சர் அந்தக் கட்டத்தில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மூலையில் பலூன்:
இடம் போதவில்லை.

சிடியை உறையில் போட்டேன்.
உறைமேல் ஹாலனின் கோணல் கையெழுத்து:
திருப்பித் தரவும்.